சரணாலயம்னு போர்டு வெச்சா காடு அழியறது நிக்குமா?

மீஞ்சூர்ல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். அவர் கேள்வி சுருக்கமா இதான்: ஒரு எடத்த பாதுகாக்கப்பட்ட பகுதினு அரசாங்கம் அறிவிச்சுட்டா அங்க மரம் அழியறது நெஜமாவே நிக்குதா, இல்ல போர்டு நட்டு கணக்கு காட்டறதோட சரியா, நிக்குதுன்னா நம்ம எண்ணூர் கழிமுகத்துல மிச்சம் இருக்கற அலையாத்தியையும் (உப்புத்தண்ணி சேத்துல வளர்ற மரம்) அப்படியே அறிவிச்சுடலாமே? பாக்க ஒரே கேள்வி மாதிரி இருக்கு, உள்ள ரெண்டு இருக்கு. கோடு போட்டதாலதான் மரம் தப்பிச்சுதா, இல்ல கோடு போடலனாலும் தப்பிச்சிருக்குமா, இது ஒண்ணு. தப்பிச்சுதுன்னா எது காப்பாத்துச்சு, சட்டமா, ஆளா, தண்ணியா, தூரமா, இது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு பதில் இல்லாம எண்ணூர பத்தி பேசி பிரயோஜனம் இல்ல.

நான் காட்டு இலாகா ஆள் இல்ல, தாவரவியல் படிச்சவனும் இல்ல. சாட்டிலைட் படத்த வெச்சு நிலப்பயன்பாடு மேப் போடறதுதான் ரொம்ப வருஷமா பொழப்பு, வீடு திருவொத்தியூர். மேப் போட்டுட்டு அது சரியானு நேர்ல போய் பாத்துட்டு வர்றதும் அந்த வேலைல சேத்தி. அதனால எங்க மரம் இருந்துச்சு, எங்க போச்சுங்கறத தைரியமா சொல்வேன். சட்டம் பத்தி சொல்றதெல்லாம் வேலை பாத்து பாத்து தெரிஞ்சுகிட்டது, வக்கீல் சொல்றதா எடுத்துக்க வேணாம்.

முதல்ல சுலபமா ஏமாறற எடம் ஒண்ணு சொல்லிடறேன். சரணாலயத்துக்கு உள்ள எவ்ளோ மரம் போச்சு, வெளிய எவ்ளோ போச்சுனு ரெண்டு நம்பர எடுத்து பக்கத்துல வெச்சு, பாருங்க உள்ள கம்மி, அதனால சட்டம் வேலை செய்யுதுனு எழுதுவாங்க. பத்திரிகைல வர்றதுல பாதி இப்படித்தான். ஆனா உலகம் முழுக்க பாத்தீங்கன்னா பாதுகாக்கப்பட்ட பகுதிங்க பெரும்பாலும் உசரமான, செங்குத்தான, ரோட்டுக்கும் ஊருக்கும் தூரமான எடத்துலதான் இருக்கும். விவசாயத்துக்கு உதவாத, யாரும் சண்டைக்கு வராத நிலத்த குடுத்துட்டு போறது எந்த அரசாங்கத்துக்கும் சுலபம்ல. களக்காடு முண்டந்துறை மலைச்சரிவுல மரம் நிக்குது, பொன்னேரி சமவெளில நிக்கல, இதுக்கு 1988ல வந்த புலிகள் காப்பக அறிவிப்புதான் காரணமா, இல்ல அந்த சரிவுல எவனும் நெல்லு போட முடியாதுங்கறதா? மழையே பெய்யாத ஊர்ல கொடைய புடிச்சிகினு நின்னு, பாத்தியா நான் நனையலனு சொல்ற கதை.

இத சரி பண்ண ஒரு வழி இருக்கு, இப்ப எல்லா ஒழுங்கான ஆய்வும் அப்படித்தான் பண்றாங்க. சரணாலயத்துக்குள்ள ஒரு துண்டு நிலத்த எடுத்துக்கோங்க, அதோட சரிவு, உசரம், மண்ணு, ரோட்டுல இருந்து தூரம், டவுன்ல இருந்து தூரம் எல்லாத்தையும் குறிச்சு வெச்சு, வெளில அதே மாதிரி இருக்கற துண்ட தேடி ஜோடி சேக்கணும், அப்புறம்தான் ரெண்டுலயும் மரம் என்ன ஆச்சுனு பாக்கணும். கோஸ்டாரிகாவுக்கு இப்படி பண்ணி 2008ல ஒரு ஆய்வு வந்துச்சு. பாதுகாக்கப்பட்ட காட்டுல சுமார் 10 சதவீதம், பாதுகாப்பு இல்லாம இருந்திருந்தா அழிஞ்சு போயிருக்கும்னு கண்டுபுடிச்சாங்க. அதே தரவ பழைய முறைல உள்ள வெளியனு ஒப்பிட்டா பலன 65 சதவீதத்துக்கும் மேல ஜாஸ்தியா காட்டுதாம். இந்த ஒரு ஆய்வுலயே உங்க கேள்விக்கு பாதி பதில் இருக்கு. கோடு வேலை செய்யுது, பொய் இல்ல, ஆனா மேடைல சொல்ற அளவுக்கு செய்யல, மீதி 90 சதவீதம் எப்படியும் நின்னிருக்கும். இதுல எனக்கு சந்தேகம் கெடையாது, அப்புறம் வேற வேற நாட்டுல பண்ணதும் இதே திசைலதான் வந்திருக்கு, அளவு மட்டும் எடத்துக்கு எடம் மாறும்.

அப்ப நெருக்கடி இருக்கற எடத்துல, அதாவது மரத்துக்கோ நிலத்துக்கோ நெஜமாவே காசு வர்ற எடத்துல என்ன ஆகுது? அங்கதான் ரெண்டு பக்கமும் உதாரணம் இருக்கு. இந்தோனேசியால கலிமந்தான்னு போர்னியோ தீவோட பெரும்பகுதி, அங்க பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ள இருந்த தாழ்நில மழைக்காடே 1985ல இருந்து 2001க்குள்ள 56 சதவீதத்துக்கு மேல போயிடுச்சு. மேப்புல கோடு அப்படியே இருக்கு, உள்ள லாரி ஓடுது. பிரேசில் வேற மாதிரி. அமேசான்ல 2004ல மட்டும் 27,700 சதுர கிலோமீட்டருக்கு மேல காடு போச்சு, நம்ம செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூணையும் சேத்தாகூட அதுல பாதி வராது. 2012ல அது சுமார் 4,600க்கு எறங்கிடுச்சு. அந்த எட்டு வருஷத்துல அவங்க பண்ணது என்னன்னா, காடு அழிஞ்சிட்டே முன்னேறி வர்ற பாதைலயே நேரா குறுக்க புது பாதுகாப்பு பகுதிய போட்டாங்க, சாட்டிலைட்ல புதுசா வெட்டு தெரிஞ்சா சில நாள்ல ஆள் போய் நிக்கற மாதிரி கண்காணிப்பு வெச்சாங்க, அதிகமா வெட்டற ஊருங்கள பட்டியல் போட்டு, 2008ல இருந்து சட்டத்த மீறின பண்ணைக்கு பேங்க் கடன நிறுத்துனாங்க. அந்த கடன்தான் எனக்கு முக்கியமா படுது, கோடாலிய புடுங்கறத விட கோடாலி வாங்கற காச நிறுத்தறது சுலபம். சோயா, மாட்டுக்கறி வெலை எறங்கினதும் இதுல ஒரு பங்கு, எது எவ்ளோனு பிரிச்சு சொல்றதுல ஆய்வாளர்களுக்குள்ளயே ஒத்துப்போகல. ஆனா அடுத்து நடந்தது தெளிவு. கோடு எதுவும் பெருசா மாறல, சட்டமும் பெரும்பாலும் அதே சட்டம்தான், காவலுக்கும் அபராதத்துக்கும் இருந்த தீவிரம் கொறஞ்சுது, 2019ல இருந்து திரும்ப வருஷம் 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல போச்சு, ஆட்சி மாறி கண்காணிப்ப திரும்ப இறுக்குனதும் 2023ல கணிசமா எறங்குச்சு. அதே கோடு, மூணு விதமான முடிவு.

இந்தியாவுல கோட்டுக்கே ஒரு தனி கதை இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது. அறிவிச்சாச்சுனு பேப்பர்ல வர்றது பாதி வேலைதான். 1972 வனஉயிர் பாதுகாப்பு சட்டத்துல பிரிவு 18ங்கறது, இந்த எடத்த சரணாலயமா ஆக்க உத்தேசம்னு சொல்றது. அதுக்கப்புறம் கலெக்டர் உக்காந்து யாருக்கு என்ன உரிமை, பட்டா எது, புறம்போக்கு எது, மேய்ச்சல் யாருது, மீன்பிடி யாருதுனு எல்லாம் விசாரிச்சு முடிக்கணும். அப்புறம் பிரிவு 26ஏ படி கடைசி அறிவிப்பு வரும். காப்புக்காடும் அப்படித்தான், தமிழ்நாடு வனச்சட்டத்துல பிரிவு 4 உத்தேசம், பிரிவு 16 முடிவு. நடுவுல இருக்கற விசாரணை வருஷக்கணக்கா இழுக்கும், அந்த காலம் முழுக்க நிலம் ரெண்டுங்கெட்டானா கெடக்கும், ஜனங்களுக்கு பயம், இலாகாவுக்கு முழு அதிகாரம் இல்ல, நடுவுல காசு இருக்கறவன் மட்டும் தெளிவா இருப்பான். கூடலூர்ல ஜென்மம் நிலம்னு சொல்வாங்கல்ல, 1969 சட்டத்துல ஜென்மிங்கற பரம்பரை நிலக்காரரோட உரிமைய ஒழிச்சாங்க, ஆனா பிரிவு 17ல வர்ற நிலம் யாருதுங்கறது தீராம பல பத்து வருஷம் இழுத்துச்சு, அந்த இழுபறிலயே காடு சுரண்டு சுரண்டு எஸ்டேட்டா மாறுச்சு. 1995ல நிலம்பூர்ல இருந்து கோதவர்மன் திருமுல்பாடுங்கறவர் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனதே அந்த கூடலூர் பக்கத்து மரவெட்டு விஷயமாத்தான், 1996 டிசம்பர்ல வந்த உத்தரவு நாடு முழுக்க காட்டு நிர்வாகத்தையே திருப்பி போட்டுச்சு. அதனால யாராவது இது பாதுகாக்கப்பட்ட பகுதினு சொன்னா, நான் முதல்ல கேக்கறது எந்த பிரிவு, எந்த தேதினுதான்.

போட்ட கோடும் நிக்கணும்ல. வேடந்தாங்கல்ல ஏரிய சுத்தி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயம்னு 1998ல இருந்து இருக்கு, 2020ல அத 3 கிலோமீட்டரா சுருக்க முன்மொழிவு போச்சு, பெரிய எதிர்ப்பு கெளம்பி அப்புறம் வாபஸ் வாங்குனாங்க. கிண்டி இன்னிக்கு 2.7 சதுர கிலோமீட்டர் தேசிய பூங்கா, ஆனா அது முன்ன இருந்த காட்டோட மிச்சம், ஐஐடி வளாகமே அந்த காட்டுல இருந்து வெட்டி எடுத்ததுதான். அந்த மிச்சமாவது நின்னதுக்கு கவர்னர் பங்களாவ ஒட்டி இருந்தது ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன். அந்த அதிர்ஷ்டம் வடசென்னைக்கு கெடைக்கல. இந்த பக்கம் கவர்னர் யாரும் பங்களா கட்டல, உப்பளம், கொடோன், அனல்மின் நிலையம்தான் வந்துச்சு.

அடுத்து, உள்ள இருக்கற ஜனங்கள வெளிய அனுப்பிட்டா காடு நல்லா இருக்குமானு ஒரு விவாதம் எப்பவும் வரும். அனுப்பறதுதான் சரின்னு ரொம்ப பேர் நம்பறாங்க, ஆதாரம் அப்படி சொல்லல. உலக வங்கி ஆளுங்க ரெண்டு பேர் 2011ல காட்டுத்தீய வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, லத்தீன் அமெரிக்கா, ஆசியாவோட வெப்பமண்டல காடுகள்ல யாரையும் உள்ள விடாத கறாரான பகுதிங்கள விட, ஜனங்க பயன்பாட்டோட இருக்கற பகுதிங்க தீய கொறைக்கறதுல சராசரியா மேலாவே இருந்துச்சு, லத்தீன் அமெரிக்காவுல பழங்குடி நிலங்கள்தான் எல்லாத்த விடவும் நல்லா நின்னுச்சு. நம்ம நாட்டுலயே உத்தராகண்ட்ல வன பஞ்சாயத்துனு 1930கள்ல இருந்து ஊர் சபையே காட்ட பாத்துக்கற முறை இருக்கு, அத அரசாங்க காட்டோட ஒப்பிட்டு 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, மரம் நிக்கறதுல ஊர் காடு அரசு காட்டுக்கு கொறைஞ்சதில்ல, ஆனா செலவு கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு. இங்க ஒரு எச்சரிக்கை: ஊர்னு சொன்னா உடனே எல்லாரும் சமம்னு நெனைச்சுக்க கூடாது. நம்ம பழவேற்காடு ஏரில பாடுனு ஒரு முறை ரொம்ப காலமா இருக்கு, எந்த நாள் எந்த ஊர் எந்த எடத்துல வல கட்டலாம்னு முறை வெச்சு பிரிச்சுக்குவாங்க, மீறினா பஞ்சாயத்து. மீன் வளத்த காப்பாத்துனதுல அதுக்கு பங்கு உண்டு. ஆனா அந்த பாடு எல்லாருக்கும் கெடையாது, குறிப்பிட்ட சமூகத்துக்குத்தான், சேத்துல எறங்கி கையாலயே தடவி எறா புடிக்கற இருளர் ஜனங்களுக்கு அதுல எடம் இல்ல. ஊர் நிர்வாகம் வளத்த காப்பாத்தும், நியாயத்தையும் சேத்து காப்பாத்தும்னு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

நிர்வாகம்ங்கறது எவ்ளோ ஆழமான விஷயம்னு காட்ட பிச்சாவரத்த விட நல்ல எடம் இல்ல. அங்க அலையாத்தி காட்ட இலாகாவே கூப்பு கூப்பா பிரிச்சு, ஒரு கூப்புல மொத்தமா வெட்டறது, அடுத்த வருஷம் அடுத்த கூப்புனு 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இருந்து 1970கள் வரைக்கும் நடத்துனாங்க. தானா மொளைச்சிடும்னு நெனைப்பு. மொளைக்கல. ரொம்ப நாள் பழி யார் மேல விழுந்துச்சுன்னா ஆடு மாடு மேய்க்கறவங்க மேலயும் வெறகு பொறுக்கற பொம்பளைங்க மேலயும். அப்புறம் 1990கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க மண்ண அளந்து பாத்தாங்க. மொத்தமா வெட்டுனதும் வெயில் நேரா சேத்துல பட்டு, ஈரம் வத்தி, தரை கொஞ்சம் கொஞ்சமா உள்வாங்கி தொட்டி மாதிரி ஆயிருக்கு. கடல் ஏத்தத்துல உள்ள வந்த தண்ணி வத்தத்துல வெளிய போக வழி இல்லாம அங்கயே நின்னு, காஞ்சு, உப்பு ஏறி ஏறி, விதை விழுந்தாலும் கருகி போற அளவுக்கு ஆயிடுச்சு. அதுக்கு அவங்க போட்ட வேலி எதுவும் இல்ல, வாய்க்கால் வெட்டுனாங்க, நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன சின்ன கிளை வாய்க்கால், மேல இருந்து பாத்தா மீன் முள்ளு மாதிரி இருக்கும். ஏத்த வத்தம் திரும்ப ஓட ஆரம்பிச்சதும் உப்பு கழுவிட்டு போச்சு, நட்ட கன்னு புடிச்சுது. ஊர் ஜனங்களும் சேந்துதான் செஞ்சாங்க. வாய்க்கால் தூந்து போகாம அப்பப்ப தூர் வாரணும், இல்லனா பழைய கதைதான். சட்டப்படி அது முழுக்க பாதுகாப்புல இருந்த நிலம், அழிச்சதும் பாதுகாவலர்தான், அத கெட்ட எண்ணத்துல செய்யல, அப்போதைய வனவியல் பாடம் அப்படி.

இப்ப என் தொழிலோட கோளாறு ஒண்ண சொல்லணும், ஏன்னா காடு கூடுச்சு கொறஞ்சுதுனு நீங்க படிக்கற நம்பர் எல்லாம் எங்க ஆளுங்க குடுக்கறதுதான். இந்திய வன அளவை நிறுவனம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ போடற அறிக்கைல காடுன்னா, ஒரு ஹெக்டேருக்கு மேல இருந்து, மேல இருந்து பாக்க 10 சதவீதத்துக்கு மேல மரநிழல் இருந்தா போதும், யார் நிலம், என்ன மரம்ங்கற கேள்வியே கெடையாது. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, ரப்பர், சவுக்கு, எல்லாம் உள்ள வந்துடும். அதுக்கு பயன்படுத்தற படத்துல ஒரு புள்ளி தரைல 23.5 மீட்டர், ஒரு ஹெக்டேர்னா பதினெட்டு புள்ளி, அவ்ளோதான். அந்த பதினெட்டு புள்ளி செவப்பா இருக்கா இல்லயாங்கறதுதான் எங்களுக்கு தெரியும் (பொய்நிற படத்துல செடிகொடி எல்லாம் செவப்பாத்தான் தெரியும்). ஒரு தடவ பழவேற்காடு பக்கம் ஒரு துண்டு நல்ல செவப்பா இருந்துச்சு, கழிவெளி ஓரம் வேற, அலையாத்தியா இருக்கும்னு குறிப்பு போட்டு, நேர்ல பாக்கலாம்னு படகுல போனோம். படகுக்காரர் தூரத்துல இருந்தே சிரிச்சிட்டார். "இன்னா சார், இத்த பாக்கவா இவ்ளோ தூரம் இட்டாந்த? சீமக்கருவேலம் சார் இது, வெட்டி வெட்டி கரி போட்றாங்கோ, தோ வந்துகினே கீது." கரைல எறங்குனா முள்ளுதான், உள்ள நாலு அடி வைக்க முடியல, அடில புல்லு பூண்டு கெடையாது, ஓரத்துல மட்டும் உமரினு உப்பு மண்ணுல வர்ற செடி மொளைச்சிருந்துச்சு. படத்துல அது காடு. களத்துல போய் சரி பாக்கறது எதுக்குன்னா இதுக்குத்தான், ஆனா நாடு முழுக்க அப்படி ஒவ்வொரு துண்டையும் பாக்க எந்த நிறுவனத்துக்கும் ஆளும் கெடையாது நேரமும் கெடையாது.

இதே பிரச்சனை சரணாலயத்துக்குள்ளயும் உண்டு. முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் உன்னிச்செடியும் மஞ்சக்கொன்னையும்னு வெளிநாட்டுல இருந்து வந்து பரவுனதுங்க அப்பி கெடக்கு, படத்துல பச்ச அப்படியே இருக்கும், ஆனா யானைக்கும் மானுக்கும் புல்லு இல்ல. கொடைக்கானல், நீலகிரில புல்வெளிய தரிசுனு நெனைச்சு இலாகாவே வாட்டில்ங்கற வெளிநாட்டு மரத்த நட்டு தள்ளுச்சு, கணக்குல காடு கூடுச்சு, சோலையும் புல்வெளியும் சேந்த அந்த மேட்டுநிலம் பெரிய பங்கு போயிடுச்சு. இப்ப அந்த வாட்டில புடுங்க திட்டம் போடறாங்க. அதனால காடழிப்பு நின்னுச்சானு கேக்கறப்ப, மரநிழல் நின்னுச்சானு மட்டும் அளந்துட்டு விட்டா பாதி விஷயம் கணக்குலயே வராது.

நம்ம ஊருக்கு பக்கத்துலயே ஒரு வேடிக்கை இருக்கு, நான் யார பாத்தாலும் சொல்றது. பழவேற்காடு ஏரிக்கு அந்தப்பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. வெள்ளைக்காரன் காலத்துல பட்டணத்துக்கு அடுப்பெரிக்க வெறகு அங்க இருந்துதான் நெறைய வந்துச்சு, பக்கிங்காம் கால்வாய்ல படகு படகா வந்து பேசின் பிரிட்ஜ் பக்கம் எறங்கும். ரயில் வந்தப்புறம் எஞ்சினுக்கு எரிக்கவும் வெறகு, அதுக்குனே 1860கள்ல இந்த கடலோரம் முழுக்க சவுக்கு போட ஆரம்பிச்சாங்க, இன்னிக்கும் காட்டுப்பள்ளி பக்கம் நீங்க பாக்கற சவுக்குத்தோப்புக்கு பூர்வீகம் அதான். இப்படி ஒரு நகரத்துக்கே அடுப்பா இருந்த தீவுல, இன்னிக்கு இந்த கடலோரத்துல மிச்சம் இருக்கற உலர் பசுமைமாறா காட்டோட பெரிய துண்டு நிக்குது. 1969ல அந்த தீவ ராக்கெட் ஏவ தேர்ந்தெடுத்து, வேலி போட்டு, உள்ள போக பாஸ் வேணும்னு ஆக்குனதுதான் காரணம். காட்ட காப்பாத்தணும்னு யாரும் அத பண்ணல. ஆனா அங்க தலைமுறையா இருந்த ஏனாதி பழங்குடி ஜனங்கள வெளிய அனுப்பித்தான் அது நடந்துச்சு, அதயும் சேத்தே சொல்லணும். இதுல இருந்து நான் எடுத்துக்கறது, நுழைய முடியாத காவல் வேலை செய்யும், அதுக்கு நாட்டோட ராக்கெட் அளவுக்கு காசும் அக்கறையும் வேணும், சாதாரண சரணாலயத்துக்கு ஒரு வனக்காப்பாளரும் ஒரு பழைய பைக்கும்தான் கெடைக்கும்.

இன்னொண்ணு, ஒரு எடத்துல நிறுத்துனா வெட்டு வேற எடத்துக்கு போகுமா? போகும், இது நிச்சயம், எவ்ளோ போகும்ங்கறதுதான் சண்டை. இந்தியா 1996க்கு அப்புறம் உள்நாட்டு காட்டுல வெட்டறத இறுக்குச்சு, மரத்தோட தேவை கொறையல, இறக்குமதி ஏறுச்சு. வரி கொறைச்சதும் ஒரு காரணம்தான். நம்ம பக்கம் மரவாடில பர்மா தேக்குனு கேட்டு வாங்கி வாசக்கால் போட்டவங்க எத்தன பேர், அந்த மரம் எந்த காட்டுல இருந்து வந்துச்சு? 2014 ஏப்ரல்ல மியான்மர் உருட்டுமரம் ஏத்துமதிய நிறுத்தற வரைக்கும் அவங்க தேக்குக்கு பெரிய கிராக்கியே நாமதான். உள்ளூர் கணக்குல நம்ம காடு நின்னுச்சு, அந்த வெட்டுல ஒரு பங்கு கப்பல்ல வந்துச்சு.

சரி, எண்ணூர். இங்க கோடாலி ரெண்டாம்பட்சம். அலையாத்தி வெட்டி விக்கறவன் இங்க இல்ல. அது சாகறது மண்ண கொட்டி நெலத்த மேடாக்கறதால, சாம்பல் படிஞ்சு சேறு இறுகறதால, முகத்துவாரம் மணல் அடைச்சு ஏத்த வத்தம் கொறையறதால, 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து வேர்ல அப்புச்சே, அந்த மாதிரி விஷயத்தால. சுவாச வேர் சேத்துக்கு மேல பென்சில் பென்சிலா நீட்டிட்டு இருக்கும், அதுல எண்ணெயோ சாம்பலோ அடைச்சா மரம் மூச்சு முட்டி போயிடும். இதுல சரணாலய அறிவிப்பு நேரடியா தடுக்கக்கூடியது முதல் ஒண்ணுதான், மண்ணு கொட்டறது. அதுக்குகூட சட்டம் ஏற்கனவே இருக்கு, கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைல அலையாத்தி இருக்கற எடம் 1ஏ வகை, அதாவது ரொம்ப கறாரா பாதுகாக்க வேண்டியது, ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல இருந்தா சுத்தி 50 மீட்டர் விடணும். மத்ததுக்கெல்லாம் குழாய், தூர்வாரல், கழிவுநீர், அதாவது வேற வேற இலாகா. பிச்சாவரத்துல நடந்த மாதிரி தண்ணிய சரி பண்ணாம கன்னு மட்டும் நட்டா போட்டோவுக்குத்தான் ஆகும்.

அறிவிக்கணும்னே நெனைச்சா, நேரா சரணாலயம் கேக்கறத விட அந்த சட்டத்துலயே 2002ல சேத்த காப்பு ஒதுக்கிடம்ங்கற வகைய பாருங்க, பிரிவு 36ஏ. அரசு நிலத்துல, அங்க இருக்கற ஜனங்கள கலந்து பேசிட்டு அறிவிக்கறது, உள்ள இருக்கறவங்க உரிமை போகாது. எறா தடவறவங்களயும் வல போடறவங்களயும் எதிரியாக்கிட்டு கழிமுகத்த யாரும் காப்பாத்த முடியாது, ராத்திரி மூணு மணிக்கு லாரி வந்து கொட்டறத பாக்கறது அவங்க மட்டும்தான். ஆனா அது அரசு நிலமா இருக்கணும், அங்கதான் சிக்கல். மீஞ்சூர்க்காரர் முதல்ல செய்ய வேண்டியது, தமிழ்நாடு இ-சர்வீஸ் தளத்துல அவர் கவலைப்படற துண்டோட சர்வே நம்பர போட்டு அ-பதிவேடு, அதாவது நிலம் யாருது, என்ன வகைனு சொல்ற வருவாய்த்துறை பதிவு, எடுக்கறது. அதுல கழிமுகம்னு இருக்கா, உப்பளம்னு இருக்கா, பட்டாவா, வேற துறைக்கு மாத்திட்டாங்களானு தெரியும். அந்த நிலத்தோட எல்லைய காட்டற புலப்படத்தையும் எடுத்து கடலோர மண்டல மேப்போட பக்கத்துல வெச்சு பாருங்க, ரெண்டும் ஒத்துப்போகலனா அந்த வித்தியாசம்தான் உங்க முதல் மனு. சர்வே நம்பர் கெடைச்சா இங்கயே போடுங்க, பழைய சாட்டிலைட் படத்துல அந்த துண்டு எந்த வருஷம் வரைக்கும் தண்ணியா இருந்துச்சுனு நான் பாத்து சொல்றேன்.